சூடு போட்ட டயர்

அத்தியாயம் 3

"போட மாட்டேன்னா போட மாட்டேன்! இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!"

கெங்கம்மாள் போட்ட சத்தத்தில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜமாணிக்கத்தின் கையிலிருந்த வடை பாதி வழியில் நின்றது. வாய்க்கும் வடைக்கும் நாலு அங்குலம்தான் பாக்கி. ஆனாலும் அந்தக் குரலுக்கு முன்னால் மென்றுகொண்டிருப்பது மரியாதை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

ராஜமாணிக்கம் வேப்பம்பட்டுக்காரன். துப்பறியும் தேவராஜனின் உதவியாளன். திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்து மாடியில் தேவராஜன் வைத்திருந்த ஆபீசில் டைப் அடிப்பதற்கும், தேவராஜன் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் சம்பளம் வாங்குகிறவன். முதல் வேலையைச் சுமாராகச் செய்வான். இரண்டாவது வேலை இன்றுவரை அவனால் முடிந்ததில்லை.

"ஸார், நம்ம கட்சிக்காரம்மா அதோ வராங்க. வழியிலே யாரையாவது மிதிக்காம வந்தா சரி."

தேவராஜன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "உட்காருங்கோம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்கோ."

"உக்கார்ற நெலைமையிலயா சாமி நான் இருக்கேன்?" என்றபடியே பெஞ்சில் தடாரென்று உட்கார்ந்தாள் கெங்கம்மாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் போனபிறகு இருந்த நிலத்தில் பாதியை விற்று இரண்டு அம்பாஸடர் டாக்ஸிகள் வாங்கி, ஆண்கள் மட்டுமே நிற்கிற ஸ்டாண்டில் வரிசையில் விட்டவள். "இன்னிக்கி நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். அதுக்குள்ள நான் வஜ்ரா டயர் மாட்றேன்னு ஒத்துக்கலைன்னா, என் வண்டி ரெண்டும் ஸ்டாண்டை வுட்டு வெளியே. வரிசையில நிக்கக் கூடாது, சவாரி ஏத்தக் கூடாது. என் டிரைவருங்க ரெண்டு பேரும் குடும்பஸ்தனுங்க சாமி. இன்னாத்த துன்னும் அதுங்க?"

விஷயம் இதுதான். தொழிற்பேட்டை வந்தபிறகு அந்த ஸ்டாண்டு வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. மதராஸிலிருந்து எஞ்சினீயர்களைக் கொண்டுவர, சூளூர்பேட்டைக்கும் நெல்லூருக்கும் கொண்டுவிட என்று ஜி.என்.டி. ரோட்டிலேயே பிறந்து வளர்ந்ததுபோல ஓடின. பெட்ரோல் விலை ஏறிப்போன வருஷம் அது. கூடவே டயர் விலையும் ஏறியது. ஆளுக்கொரு டயர் வாங்கி ஏமாறுவானேன், எது நீண்ட நாள் உழைக்கிறதோ அதை எல்லாரும் மொத்தமாக வாங்கினால் மலிவாகவும் கிடைக்குமே என்று சங்கத் தலைவர் வீரராகவன் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். தம்முடைய வண்டியிலேயே நாலு கம்பெனியின் புது டயர் நாலை நம்பர் போட்டு மாட்டி, மாதம் ஒரு முறை சக்கரம் மாற்றி மாற்றிப் போட்டு, விநாயக சதுர்த்தியிலிருந்து தை பிறக்கும்வரை தாமே ஓட்டினார். பன்னிரண்டாயிரம் மைல்.

மூன்று டயர் கூடக்குறையத் தேய்ந்துவிட்டன. மூன்றாம் நம்பர் வஜ்ரா மட்டும் வரிப்பள்ளம் கலையாமல் நின்றது. நாலிலும் விலை குறைந்ததும் அதுதான்.

"பொய்யி!" என்றாள் கெங்கம்மாள். "போன வருசம் நான் அதை வாங்கி மாட்டினேன் சாமி. ஆறாயிரம் மைல்ல உள்ள இருக்கற துணி வெளிய வந்து எட்டிப் பாத்திச்சு. சொன்னா, உனுக்குக் காத்து புடிக்கத் தெர்லன்றானுங்க. காத்து புடிக்கவா எனுக்குத் தெரியாது? இந்த ரோட்டுல தொண்ணூறு டிகிரி வெயில்ல, அறுபது மைல் வேகத்துல அது வெடிச்சா, ஏறி உக்காந்தவன் ஊட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? அதான் மாட்ட மாட்டேன்றேன்."

"டயரையே மாத்தியிருப்பானுங்க ஸார்," என்றான் ராஜமாணிக்கம், வடையை ஒருவழியாக ஒழித்துவிட்டு. "ராவோட ராவா பழசைக் கழட்டிட்டுப் புதுசு. கேஸு முடிஞ்சுது. ஊட்டுக்குப் போலாம்."

"அங்கதான் மாட்டிக்கினு நிக்கிறேன் தம்பி," என்றாள் கெங்கம்மாள். "மாத்த முடியாது. சூடு போட்டுக்கீறாங்க."

*

வண்டியை ஸ்டாண்டு நடுவில் நிறுத்தி, மூன்றாம் நம்பர் சக்கரத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தேவராஜன் குனிந்து மாலையை ஒதுக்கினார். டயரின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சங்கு, இரும்பு காய்ச்சி வைத்த தழும்பு. அதற்குக் கீழே மூன்று கோடு.

"எங்க ஊட்டுச் சூட்டுக்கோல்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைத் திருமண், பிடரியில் துண்டு. வீரராகவன். "நாலு தலைமொறையா எங்க மாட்டுக்குப் போட்ற சூடு. சந்தையில எத்தினி மாடு நின்னாலும் எங்க மாட்டை எவனும் தன்னுதுன்னு ஓட்டிக்கினு போனதில்ல. அதே கோலை வெச்சி நானே என் கையால நாலு டயருக்கும் போட்டேன். கோலு எங்க பூசை அறையில, பூட்டுல இருக்குது. சாவி என் இடுப்புல இருக்குது. இன்னும் இன்னா பாக்கணும்?"

"இந்த மூணாம் நம்பர் எத்தனை தடவை பஞ்சர் ஆச்சு?"

வீரராகவன் வாயைத் திறந்தார். அதற்குள் டாக்ஸிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு உருண்டு வந்தது. வஜ்ரா டயர் விற்கிற ஆதிநாராயணன். விரலுக்கு ஒரு மோதிரம், வார்த்தைக்கு ஒரு நைனா.

"வஜ்ராவுக்குப் பஞ்சரா? என்னா நைனா நீங்க! ஆணியே வளைஞ்சி பூடும்!"

வீரராகவன் திறந்த வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். "அந்தம்மா கூட்டியாந்த ஆளுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்? நாலு மணிக்குக் கூட்டத்துல பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு மாலையைச் சரிசெய்து நடந்தார்.

தேவராஜன் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை உதைத்தார். ராஜமாணிக்கம் ஓடிவந்து பின்னால் தொற்றினான்.

"எங்க ஸார்?"

"எளாவூர். நெல்லூர் போற வண்டிக்கெல்லாம் பஞ்சர் ஒட்டற கடை அங்கேதான். நீ அவர் முகத்தைப் பார்த்தியோ? அந்த டயர்க்காரர் பஞ்சரே ஆகாதுன்னதும் மனுஷன் கூச்சத்திலே தலையைக் குனிஞ்சுண்டார். பஞ்சர் ஆகியிருக்கு. பொய் சொல்லவும் மனசு வரல்லே, என்கிட்டே உண்மை சொல்லவும் ரோஷம் விடல்லே."

"பஞ்சர் ஆனா இன்னா ஸார்? எங்க மாமியார் ஊட்டு சைக்கிளுக்குக்கூட தான் ஆவுது."

"பஞ்சர் ஒட்டினவனைப் பார்த்தாத் தெரியும்."

*

எளாவூர் செக்போஸ்டில் ஆந்திராவுக்குப் போகிற லாரிகள் மூக்கும் வாலுமாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு காற்றடிக்கிற பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, யேசுதாஸ். பஞ்சர் கடை. கொட்டகையின் மரத்தூண் பூராவும் ஆணிகள் அடித்திருந்தன. ஆணி, கம்பி, உடைந்த ஸ்ப்ரிங், ஒரு பாதி லாடம்.

"இன்னா நைனா இது, தூணுக்கு அம்மையா?" என்றான் ராஜமாணிக்கம்.

"டயர்லேந்து நான் புடுங்கினதுங்க ஸார்!" யேசுதாஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டான். "ஒண்ணொண்ணுக்கும் கதை இருக்குது. இது நெல்லூரு அரிசி லாரி. இது ஒரு ஜமீந்தாரு காரு. அவரு அவசரமா கண்ணாலத்துக்குப் போய்க்கினு இருந்தாரு..."

"சங்குச் சூடு போட்ட டயர் ஞாபகம் இருக்கா?" என்றார் தேவராஜன்.

யேசுதாஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். "மறக்குமா? டயருக்குச் சூடு போட்டவனை என் ஜென்மத்துல அன்னிக்கித்தான் பாத்தேன். இன்னா மொதலாளி, இது ஒரு வேளைக்கி எத்தினி படி கறக்கும்னு கேட்டேன். மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினாரு." எழுந்து போய்த் தூணிலிருந்து கட்டைவிரல் பருமன் இரும்புத்துண்டு ஒன்றைப் பிடுங்கிவந்தான். ஒரு முனை சீவியதுபோலக் கூராக இருந்தது. "இதான். மூணு கோடு போட்ட டயர்லே நட்டுக்கினு நின்னிச்சி. பேட்டையில இரும்பு உருக்கற மில்லு இருக்குதில்ல, அந்த லாரிங்க வழியெல்லாம் செதறிக்கினே போவுது. தீவாளிக்கு முந்தி. பேஜாரான வேலை. டியூபை ஒட்டினா மட்டும் பத்தாது ஸார். டயர்லே இம்மாம் பெரிய பொத்தல் வுழுந்தா, டியூபு அது வழியா பிதுங்கி எட்டிப் பாக்கும். அதனால டயருக்கு உள்பக்கம் கெட்டியா ஒரு பட்டை வெச்சி ஒட்டினேன். டயரு செத்து சுடுகாட்டுக்குப் போனாலும் என் பட்டை பிரியாது!"

"இந்த இரும்பு இன்னிக்கு ஒருநாள் எனக்கு வேணும். நீயும் கூட வரணும்."

"எதுக்கு ஸார்?"

"உன் பட்டையை ஊரறியப் பாராட்டறதுக்கு."

யேசுதாஸ் உடனே சட்டை மாற்றப் போனான். ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தான். "ஸார், எனுக்கு ஒண்ணு புரியல. உள்ள பட்டை இல்லைன்னா வேற டயரு, இவனுங்க சூட்டுக்கோலைத் திருடிக்கீறானுங்க. பட்டை இருந்துதுன்னா அதே டயரு, நம்ம அம்மா தோத்துப் பூட்டாங்க. அப்டித்தான?"

"முதல் பாதி சரி," என்றார் தேவராஜன்.

*

நாலு மணிக் கூட்டத்துக்கு இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் வயலில் இருந்து நேரே வந்தவர்கள். நெல் விற்ற பணத்தில் வண்டி வாங்கிவிட்டவர்கள் அந்த ஸ்டாண்டில் அதிகம். வீரராகவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆதிநாராயணன் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருந்தான்.

"கெங்கம்மா, கடைசியா கேக்கறேன்," என்றார் வீரராகவன். "எல்லாரும் ஒத்துக்கினாங்க. நீ ஒருத்திதான் பாக்கி."

"எல்லாரும் கெணத்துல குதிச்சா நான் மேல நின்னுக்கினு கவுறு போடுவேன்," என்றாள் கெங்கம்மாள். "குதிக்க மாட்டேன்."

சலசலப்பு எழுந்தது. தேவராஜன் நடுவில் வந்து கைகுவித்தார்.

"இந்த அம்மா கூப்பிட்டுத்தான் வந்தேன். ஆனா பார்த்ததைச் சொல்லணுமோல்லியோ? வஜ்ரா டயர் பிரமாதம். பன்னிரண்டாயிரம் மைல் ஓடியும் அப்படியே இருக்கு. இப்படி ஒரு டயரை நான் பார்த்ததில்லே."

ராஜமாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெங்கம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு டயரே உருகியிருக்கும். ஆதிநாராயணன் ஒரு சோடாவை உடைத்து அவர் கையில் திணித்தான்.

"ஒரே ஒரு சந்தேகம். இது அந்த நாள் மாட்டின அதே டயர்தானேன்னு எல்லார் மனசும் நிம்மதி ஆகணும். கழட்டி உள்ளே பார்த்துடலாமா?"

"தாராளமா நைனா!"

கழற்ற ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கெங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜாக்கியை அடியில் தள்ளினாள். சக்கரம் வந்தது. காற்றை இறக்கி, லீவரைக் கொடுத்து ஓர் உன்னு உன்னினாள். டியூப் வெளியே வந்தது. யேசுதாஸ் டயருக்குள் கையை விட்டான். முகம் மலர்ந்தது.

"என் பட்டை! இதோ, பிரியல பாரு! நான் சொல்லல?"

கூட்டம் ஹோவென்று கத்தியது. "அதே டயருதான்!" "சூடு பொய்யாவுமா?" என்று ஆளுக்கொரு குரல். வீரராகவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஆதிநாராயணன் டயரைத் தூக்கி நிறுத்தினான்.

"பாத்தீங்களா? பட்டைகூட அப்டியே இருக்குது! இதைவிட ருஜு இன்னா வேணும்? அதே டயரு, அதே ரப்பரு!"

"அதே ரப்பர்," என்றார் தேவராஜன். "மேலே ஒட்டு வேலை ஏதும் கிடையாதே?"

"ஒரு சொட்டு கெடையாது! பெருமாள் சாட்சி!"

தொலைந்தது கேஸ் என்று ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டான். அதனால் அடுத்து நடந்ததை அவன் முதலில் காதால்தான் கேட்டான். டர்ரென்று எதுவோ கிழிகிற சத்தம்.

"ஐயோ என் பட்டை!" என்றான் யேசுதாஸ்.

தேவராஜன் பட்டையைப் பிய்த்திருந்தார். அதற்குக் கீழே டயரின் உள்தோலில் கட்டைவிரல் போகிற பொத்தல். பையிலிருந்து இரும்புத்துண்டை எடுத்து அதில் விட்டார். கச்சிதமாகப் போயிற்று. பாதி போனதும் நின்றுவிட்டது. அழுத்தினார். போகவில்லை.

"யேசுதாஸ், இது எந்தப் பக்கமா உள்ளே வந்தது?"

"ரோட்டுப் பக்கமா ஸார். வேற எப்டி வரும்?"

"அப்போ ரோட்டுப் பக்கம் பொத்தல் எங்கே?"

யேசுதாஸ் டயரைத் திருப்பினான். தடவினான். மறுபடி தடவினான். வெளியே வரிப்பள்ளங்கள் வழுவழுவென்று, புள்ளிகூட இல்லாமல் ஓடின.

"வாசலே இல்லாத ஊட்டுக்குள்ள திருடன் பூந்துக்கீறான்!" என்று கத்தினான் ராஜமாணிக்கம். அவனுக்கு இப்போது கண் நன்றாகவே திறந்துவிட்டது.

ஆதிநாராயணன் சிரிக்கப் பார்த்தான். "அது... ரோட்டு சூட்டுலே ரப்பரு இளகி மூடிக்கும் நைனா."

"மூடிக்கட்டும். மேலே இந்த வரிப்பள்ளமும் பயிர் மாதிரி தானா முளைச்சு, பக்கத்து வரியோட இழை பிசகாம சேர்ந்துண்டுதா?"

ஒருவர் சிரித்தார். பிறகு யாருமே சிரிக்கவில்லை. தேவராஜன் வயலிலிருந்து வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எல்லாம் மாடு வெச்சிருக்கறவா. சூடு போட்டா மாடு மாறாதுன்னு நம்பினேள். வாஸ்தவம். மாடு மாறல்லே. ஆனா மாட்டுக்கு லாடம் மாத்தினா, தோல்லே இருக்கிற சூடு அழியுமோ?"

அந்த நிமிஷம் வீரராகவன் நாற்காலியை விட்டு எழுந்தார். துண்டு பிடரியிலிருந்து கீழே விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"தீவாளி கழிச்சி, கார்த்திகைக்கு முந்தி," என்றார் மெதுவாக. "பிரேக்கு வேலை இலவசமா செஞ்சித் தரேன்னு இந்த ஆதிநாராயணன் வண்டியைக் கேட்டான். நாலஞ்சு நாளு மதராஸுல அவன் ஷெட்டுல நின்னிச்சி. திரும்பி வந்தப்ப நாலு டயரும் கறுப்பா பெயிண்டு அடிச்சி பளபளன்னு இருந்திச்சி. நான் சூட்டை மட்டும் தடவிப் பாத்தேன். சங்கு இருந்திச்சி. போதும்னு வந்துட்டேன்."

அங்கேதான் வேலை நடந்திருந்தது. தேய்ந்துபோன டயரின் மேற்பரப்பைச் சீவியெடுத்துவிட்டு, புது ரப்பரை வைத்துச் சுட்டு ஒட்டுகிற ரீட்ரெட் வேலை. லாரிக்காரர்கள் ஊரறியச் செய்துகொள்கிற காரியம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் ஆறாயிரம் மைலில் துணி தெரிந்த வஜ்ராவுக்கு ரகசியமாக அதைச் செய்து, பன்னிரண்டாயிரம் மைல் உழைத்தது என்று மாலை போட வைத்தான் ஆதிநாராயணன். சூட்டைத் தொடவேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை.

"டப்பு குடுத்து ஏமாந்தா பரவால்ல," என்றாள் கெங்கம்மாள் அவனிடம். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உசுரைக் குடுத்து ஏமாற இருந்தோமே, டேய்!"

ஆதிநாராயணன் சோடாப் பெட்டியையும் மறந்து தன் காரை நோக்கி நடந்தான். நடை ஓட்டமானது. இரண்டு டிரைவர்கள் வழியை மறித்து நின்றார்கள். "எங்க நைனா அவசரம்? போலீஸு வர வரைக்கும் ஒக்காரு. ஒரு கலரு குடி."

வீரராகவன் கெங்கம்மாளுக்கு எதிரே வந்து நின்றார். "தப்பு எம்மேலதான். உனுக்குக் காத்து புடிக்கத் தெரியாதுன்னு நாலு பேரு முன்னாடி சொன்னேன். நாலு பேரு முன்னாடியே திருப்பி எடுத்துக்கறேன்." கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார். பழைய தலைவர் குரல் திரும்பிவிட்டது. "மத்த மூணும் நாயமா ஓடின டயரு. அதுல கப்பல் மார்க்குதான் கம்மியா தேஞ்சிருக்குது. வாங்கும்போது வெலை ஜாஸ்தி, ஓட்டும்போது மைலுக்கு மைலு அதான் மலிவு. கெங்கம்மாவும் அதைத்தான் மாட்டிக்கினு இருக்குது. அதனால இன்னிலேந்து ஸ்டாண்டு வண்டிங்க எல்லாம் கட்டாயமா கப்பல் மார்க்குதான் மாட்டணும். மாட்டாத வண்டி வெளியே! கெங்கம்மா, மொதக் கை நீ தூக்கு."

எல்லோரும் கையைத் தூக்கத் தயாராக அவளைப் பார்த்தார்கள்.

கெங்கம்மாள் கையிலிருந்த லீவரைக் கீழே வைக்கவில்லை.

"தூக்க மாட்டேன்."

"ஏம்மா! நீ மாட்டியிருக்கறதே அதானே?"

"நான் மாட்டிக்குவேன். நாளைக்கும் மாட்டிக்குவேன். நல்லா இருக்குதுன்னு சொல்லு, கேக்கறவன் கேட்டுக்குவான். மாட்டலன்னா வெளியேன்னு சொல்லாத. அந்த ஒரு வார்த்தையை வெச்சிக்கினுதான அந்தாளு நம்ப எல்லார் தலைமேலயும் ஒரே டயரை ஏத்தப் பாத்தான்? கட்டாயம்னு எழுதினா, என் வண்டியில கட்டை வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கினு வந்து வரிசையில நிப்பேன். இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!"

"பண்ணுவாங்க இந்த அம்மா," என்றான் ராஜமாணிக்கம் தேவராஜன் காதில். "சக்கரத்தை இந்நேரம் சொல்லிவெச்சிருப்பாங்க."

வீரராகவன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வீரராகவனைப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ, "அக்கா சொல்றது நாயந்தானுங்க," என்று முணுமுணுத்தார்கள். இன்னொரு குரல் அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் அந்த ஸ்டாண்டில் எவனுக்கும் கட்டாயம் பிடிக்கவில்லை என்று ஆகிவிட்டது.

"சரி," என்றார் வீரராகவன். "கட்டாயம் இல்ல. அவங்கவங்க இஷ்டம்."

மதராஸ் ரயில் வந்து நின்று, பெட்டியும் கையுமாக இரண்டு எஞ்சினீயர்கள் ஸ்டேஷன் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். "டாக்ஸி! சூளூர்பேட்டை!"

வரிசையில் முதலாவதாக நின்றது வேறொருவர் வண்டி. அவர் கதவைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, சாத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அக்கா, நீ எடு."

"உன் சவாரிய நீ எடுடா," என்றாள் கெங்கம்மாள். "என் மொறை வர்றப்ப நான் எடுத்துக்கறேன். எவன் வந்து நிறுத்தறான்னு பாக்கறேன்."